ஈசூன் வீட்டில் ஒரு வர்த்தகக் கணினி: 2025 நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு எழுதுவது இது. பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தபடி பங்கு, நாணயம், குறியீடு என்று வர்த்தகம் செய்யும் தமிழர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறோம். கணினி ஒரு நாள் நம் காலை வாரிவிட்டால், அடுத்த வாரமே இன்னும் வேகமான ஒன்றை வாங்கிவிடுவதுதான் வழக்கம். இந்த வீட்டிலும் அப்படித்தான் ஆகவிருந்தது. சுவர் பிளக்கில் தொடங்கி புரோக்கரின் சர்வரில் முடியும் பாதையில் எந்த இடம் பழுது என்று முதலில் பார்த்ததால், வாங்கிய பொருளும் மாறியது, செலவும் பாதியானது.

பின்னணி

வீட்டுக்காரருக்கு வயது 61. கப்பல் பட்டறையில் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு; மனைவியும் வேலைக்குப் போகும் மகளும் உடன் இருக்கிறார்கள். கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். பழக்கத்தில் அவர் எனக்கு அண்ணன்.

அவர் செய்வது பெரும்பாலும் அமெரிக்கக் குறியீட்டு சிஎஃப்டி வர்த்தகம், அதாவது பங்கை வாங்காமல் விலையின் ஏற்ற இறக்கத்தின் மீது மட்டும் போடும் ஒப்பந்தம். சிங்கப்பூர் நேரப்படி கோடைக்காலத்தில் அமெரிக்கச் சந்தை இரவு 9.30க்குத் திறந்து அதிகாலை 4க்கு மூடும். குளிர்காலத்தில் அது 10.30 முதல் 5 வரை. அதாவது ஊர் உறங்கப் போகும் நேரத்தில்தான் இவர் கணினிக்கு முழு வேலை. இந்த ஒரு விஷயம் பின்னால் பல இடங்களில் முக்கியமாகிறது.

கணினி 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5 சிப், 8 ஜிபி நினைவகம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10, இரண்டு திரைகள். மூன்றாவது அறையில் மேசைக்கு அடியில் இருந்தது. அதே அறையில்தான் சாமி மாடமும். ரௌட்டர் வரவேற்பறையில், ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில். அறைக்கும் ரௌட்டருக்கும் நடுவே வீட்டுப் பாதுகாப்பறையின் (அவசரகாலப் புகலிட அறையின்) கான்கிரீட் சுவர்.

2025 ஜனவரியிலிருந்தே சந்தை திறக்கும் நேரத்தில் திரை உறைந்துபோகத் தொடங்கியது. சில நாள் நள்ளிரவுக்கு மேல் கணினி தானாக அணைந்து திரும்ப வந்தது. இணையம்தான் காரணம் என்று முடிவுகட்டி, பிப்ரவரியில் அதிக வேகத் திட்டத்துக்கு மாறினார். எதுவும் மாறவில்லை.

ஏப்ரல் 7 இரவு

அமெரிக்காவின் இறக்குமதி வரி அறிவிப்பால் உலகச் சந்தைகள் ஆட்டம் கண்டிருந்த வாரம். அன்று பகலில் நம்முடைய சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் எஸ்டிஐ குறியீடே 7 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருந்தது. அண்ணன் முந்திய வாரமே எஸ்&பி 500 என்ற அமெரிக்கப் பங்குக் குறியீட்டில் விற்பனை நிலை (விலை இறங்கினால் லாபம் தரும் ஒப்பந்தம்) எடுத்து வைத்திருந்தார். சந்தை திறந்ததும் குறியீடு 4 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது, நல்ல லாபம். அந்த லாபத்தைக் காக்க ட்ரெய்லிங் ஸ்டாப் (லாபம் ஏற ஏறப் பின்தொடர்ந்து நகர்ந்து, விலை திரும்பினால் நிலையை மூடும் ஆணை) போட்டிருந்தார்.

பத்து மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது வீடு முழுக்க இருண்டது. சமையலறையில் மறுநாள் இட்லிக்கு மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் டார்ச்சோடு போய் மின்பெட்டியைப் பார்த்தார். மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டார், மறுபடி விழுந்தது. இத்தனை வருடம் மின்சாதனங்களோடு பழகியவர் ஆதலால் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றினார். கிரைண்டரைக் கழற்றிய பிறகுதான் நின்றது. மின்சாரம் வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது.

ஆனால் கணினி உடனே வரவில்லை. திடீரென்று அணைந்ததால் ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்கத் தொடங்கி, விழுக்காட்டு எண் நகராமல் நின்றது. ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் விழித்துக்கொள்ளவும் சில நிமிடம் பிடித்தது. கைப்பேசியில் புரோக்கரின் செயலி இருந்தது. கடவுச்சொல் மட்டும் கணினியின் பிரவுசருக்குள் சேமிக்கப்பட்டிருந்தது. அவருக்கு நினைவில்லை. புதிதாக மாற்றி உள்ளே போகப் பத்தே காலைத் தாண்டியது.

அந்த இடைவெளியில்தான் வரிகள் 90 நாள் நிறுத்திவைக்கப்படும் என்று ஒரு பொய்ச் செய்தி பரவியது. சிங்கப்பூர் நேரம் பத்து மணி பத்து நிமிடத்தை ஒட்டி நடந்தது அது. 4 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருந்த குறியீடு சில நிமிடங்களில் 3 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றத்துக்குப் போனது. வெள்ளை மாளிகை மறுத்ததும் திரும்ப விழுந்தது. அண்ணன் உள்ளே நுழைந்தது உச்சிக்குப் பக்கத்தில். ட்ரெய்லிங் ஸ்டாப் இயங்கவே இல்லை. பயத்தில் நிலையை மூடினார். கையில் இருந்த லாபம் போய் 1,100 வெள்ளி நஷ்டம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, வேகமா ஒரு மெஷின் சொல்லு. இந்த வாரமே வாங்கணும்." ஒரு கடையில் ஏற்கெனவே விலை வாங்கி வைத்திருந்தார்: விளையாட்டுக்கான பெரிய கிராஃபிக்ஸ் கார்டோடு 3,200 வெள்ளி.

பார்த்தவை

வாங்குவதற்கு முன்னால் ஒரு வார இறுதியை எனக்குக் கொடுங்கள் என்றேன். சனிக்கிழமை காலை, அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு உட்கார்ந்தோம்.

முதலில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவு. அது எல்லார் கணினியிலும் இருக்கிறது, காசு கிடையாது, ஆனாலும் கடைக்காரர்கூடத் திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அண்ணன் "தானாக அணைகிறது" என்று ஒரே வகையாகச் சொன்னது, பதிவில் இரண்டு வகையாகப் பிரிந்தது. சில நாட்களில் 1074 என்ற எண். அது திட்டமிட்ட மறுதொடக்கம். விண்டோஸ் புதுப்பிப்பு தானே செய்துகொண்டது. மற்ற நாட்களில் 41. அது ஒழுங்காக அணைக்காமல் மின்சாரம் போனதையோ கணினி செயலற்று நின்றதையோ குறிப்பது.

1074க்குக் காரணம் எளிது. "கணினி பயன்பாட்டில் இருக்கும் நேரம்" என்று விண்டோஸில் ஓர் அமைப்பு உண்டு. இவருடையதில் அது காலை 8 முதல் மாலை 5 வரை என்று முதலில் வந்தபடியே கிடந்தது. அலுவலகக்காரருக்குச் சரி. இரவில் வர்த்தகம் செய்பவருக்கு இது நேர்மாறு: அவர் நிலையோடு உட்கார்ந்திருக்கும் பின்னிரவுதான் புதுப்பிப்புக்குத் தோதான நேரம் என்று கணினி நினைத்துக்கொண்டது.

41 என்று பதிவான நாட்களை அண்ணியிடம் காட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் காலையில் மைக்ரோவேவ் அடுப்பின் கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தது என்று சொன்னார். அதாவது வீடு முழுக்க மின்சாரம் போயிருக்கிறது. மற்ற நாட்களில் கடிகாரம் சரியாகவே ஓடியது. பிரச்சினை கணினியோடு நின்றது. என் கருவிகள் எதிலும் கிடைக்காத தகவல் அது.

அடுத்து 9.30 உறைதல். திங்கள் இரவு, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து அண்ணனோடு உட்கார்ந்தேன். சந்தை திறந்த நொடியில் நினைவகம் 8 ஜிபியும் நிறைந்தது. பிரவுசரில் செய்தித் தளங்கள், வரைபடங்கள் என்று ஏகப்பட்ட பக்கங்கள். இடம் போதாமல் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கைத் துணைக்கு இழுத்தது. டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றது. அந்த டிஸ்க்கும் நல்ல நிலையில் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களும் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களும் இருந்தன. மின்வெட்டுக்குப் பிறகு சோதனை முடியாமல் திணறியது இதனால்தான்.

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். சாதாரணத் தூசி என்றால் ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை. விசிறி இறக்கைகளின் ஓரத்தில் கருப்பாக ஒரு படலம், தொட்டால் விரலில் ஒட்டியது, சாம்பிராணி வாசனை வந்தது. எத்தனையோ வருடமாக விளக்கின் எண்ணெய்ப் புகையும் ஊதுபத்திச் சாம்பலும் இந்த ஊரின் ஈரக்காற்றோடு சேர்ந்து படிந்து, வெப்பத்தகட்டின் இடுக்குகளைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தன. சிப் 90 டிகிரிக்கு மேல் போய்த் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதும் பதிவில் இருந்தது. பெட்டி சாமி மாடத்தின் நேர் கீழே, முன்விசிறி காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் இருந்தது.

இணையம்? கணினியிலிருந்து ரௌட்டருக்கே பிங் (பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனை) அனுப்பிப் பார்த்தேன். கம்பி போட்டால் 1 மில்லிவினாடிக்குள் வரவேண்டியது, வைஃபையில் சில நேரம் 2, சில நேரம் 180 என்று தாவியது. வீட்டுக்கு வெளியே போன பாதை நன்றாகவே இருந்தது. பாதுகாப்பறையின் சுவர் குறுக்கே நிற்கும்வரை எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் பயனில்லை.

ஒரு சுவர் பிளக், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன், அதன் முனையில் இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதில் கணினி, திரைகள், மேசை விளக்கு, காற்றாடி. இதுவும் குறிப்பில் ஏறியது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. அண்ணன் பயன்படுத்தும் மென்பொருளின் உதவிப் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்தோம். சாதாரண ஸ்டாப் ஆர்டர் (குறித்த விலை வந்தால் நிலையை மூடச் சொல்லும் ஆணை) புரோக்கரின் சர்வருக்குப் போய்விடுகிறது. ட்ரெய்லிங் ஸ்டாப் அவருடைய கணினியிலேயே இருந்துகொண்டு, விலை நகர நகரத் தன் அளவை அங்கேயே மாற்றிக்கொள்கிறது. கணினி அணைந்தால் அந்த நகர்த்தல் நின்றுபோகும். முதலில் போட்ட ஸ்டாப் ஏதாவது இருந்தால் அது மட்டும் மிஞ்சும். அண்ணன் அப்படி ஒன்றைப் போட்டிருக்கவில்லை. இதைப் படித்தபோது அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பாதுகாப்பு என்று நம்பி அத்தனை இரவுகள் அவர் உட்கார்ந்திருந்தது மேசைக்கடியில் இருந்த அந்தச் சூடான பெட்டியை நம்பி.

எடுத்த முடிவுகளும் காரணமும்

காசு செலவாகாதவற்றை அன்றே செய்தோம். எந்த நிலை எடுத்தாலும் முதலில் சர்வரில் நிற்கும் ஸ்டாப், அதற்கு மேல் வேண்டுமானால் ட்ரெய்லிங். கைப்பேசிச் செயலியில் புதுக் கடவுச்சொல், அது நினைவிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது. புரோக்கரின் வர்த்தக மேசைத் (தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் பிரிவின்) தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். வீட்டு இணையமும் கைப்பேசியும் ஒரே நிறுவனத்தில் இருந்தன; ஒன்று நின்றால் மற்றதும் நிற்கலாம் என்பதால் மகளின் கைப்பேசி வேறு நிறுவனத்தில் இருக்கட்டும் என்று மகளே மாற்றிக்கொண்டார்.

அடுத்து மின்சாரம். சிலர் இந்த இடத்தில் ஆர்சிசிபியையே குறை சொல்வார்கள், "அடிக்கடி விழுது, மாத்திடலாம்" என்பார்கள். நான் இதில் கண்டிப்பாக இருந்தேன். உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், அந்த மிச்சம் எங்கோ கசிகிறது என்று பொருள். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் துண்டித்துவிடும். ஈரக்கையோடு ஒருவர் கிரைண்டரைத் தொட்டிருந்தால் அந்தக் கசிவு அவர் உடல் வழியாகப் போயிருக்கும். அன்று இரவு அந்தச் சாதனம் செய்தது அதன் வேலையை. பழைய வீடுகள் உட்பட எல்லா வீடுகளிலும் இது இருக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் விதி வந்ததும், மாற்றிக்கொள்ள இரண்டு ஆண்டு கொடுத்ததும் இதற்காகத்தான்.

உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து கிரைண்டரைச் சோதித்தார். மோட்டாரின் காப்பு ஈரத்தில் கெட்டிருந்தது. அண்ணி அதைத் தொண்ணூறுகளில் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தவர், விட மனசில்லை. மோட்டாரைச் சரிசெய்யும் செலவையும், திரும்பக் கசிய வாய்ப்பையும் மின்பணியாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னபின், சிராங்கூன் சாலையில் புதியது வாங்கிக்கொண்டார். கணினி அறைக்குத் தனியாக ஆர்சிபிஓ (ஒரு மின்சுற்றின் கசிவை மட்டும் பார்த்துத் துண்டிக்கும் சாதனம்) போடலாம் என்றும் மின்பணியாளர் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். யுபிஎஸ் (மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கப்போவதால் இப்போதைக்கு வேண்டாம், அடுத்த முறை வீட்டு மின்வேலை செய்யும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தோம்.

இப்போது கணினி. 3,200 வெள்ளிப் பெட்டியை ஏன் விட்டோம்? விலை வரைபடம் இருபரிமாணக் கோடுகள். அதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. வேகம் என்று பார்த்தால், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போய்த் திரும்பவே ஒரு தகவலுக்கு 220 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. கடலடிக் கேபிளின் நீளம் அப்படி. வீட்டுக் கணினியில் சில மில்லிவினாடி மிச்சப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. மேலும் அந்தப் பெட்டியில் இருந்தது அதிக மின்சாரம் இழுக்கும் 13, 14ஆம் தலைமுறை இன்டெல் மேசைக்கணினிச் சிப் வகை. அவற்றில் நிலைத்தன்மைக் கோளாறு இருந்ததை 2024இல் நிறுவனமே ஏற்று, மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தமும் இரண்டு ஆண்டு கூடுதல் உத்தரவாதமும் கொடுத்தது. திருத்தம் வந்துவிட்டது, உண்மை. ஆனாலும் நம்பகம் தேடுபவருக்கு உச்ச வேகத்தில் துரத்தப்படும் சிப் எதற்கு?

பழைய கணினியில் எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) நினைவகமும் மட்டும் மாற்றலாமே என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. 200 வெள்ளிக்குள் முடிந்திருக்கும், உறைதலும் நின்றிருக்கும். ஆனால் விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14இல் நிற்கவிருந்தன. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த இன்டெல் சிப்பை ஏற்பதில்லை. பணம் புழங்கும் கணினியைத் திருத்தம் இல்லாத மென்பொருளில் ஓட்டக் கூடாது.

மிச்சம் இருந்தவை மூன்று. அலுவலகங்கள் திருப்பிக் கொடுத்த, புதுப்பித்து விற்கும் சிறு மேசைக்கணினி, புதிய வணிக வகைச் சிறு மேசைக்கணினி, மடிக்கணினியோடு திரைகள். மடிக்கணினிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, பேட்டரி உள்ளேயே இருக்கிறது. இளம் வயதுக்காரருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் இரவு முழுக்க, வருடக்கணக்கில், செருகியபடியே சூட்டில் ஓடும் மடிக்கணினியின் பேட்டரி உப்பிப்போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அண்ணனுக்குத் தனி விசைப்பலகையும் பெரிய திரையும் வேண்டும். புதுப்பித்ததும் நல்ல சரக்கு, விலையும் குறைவு; ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைய அவரால் முடியாது. ஆகவே வீட்டுக்கே வந்து சரிசெய்து தரும் மூன்றாண்டு உத்தரவாதத்தோடு புதியது என்று முடிவு.

அண்ணன், கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் சில கடைகள் ஏறி இறங்கி, எழுத்தில் விலை வாங்கி ஒப்பிட்டார். எழுத்தில் வாங்குவதும் ரசீதைப் பத்திரமாக வைப்பதும் அவசியம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும் என்று சிங்கப்பூரில் 2012இலிருந்து சட்டம் இருக்கிறது. பழைய பொருளுக்கும் அது பொருந்தும். இறுதியில் வாங்கியது 35 வாட் ஐ5 சிப், 32 ஜிபி நினைவகம், 1 டிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11: 1,290 வெள்ளி.

யுபிஎஸ் வாங்குமுன் வாட் மீட்டரை வைத்து அளந்தோம். புதிய கணினியும் இரண்டு திரையும் சேர்ந்து 78 வாட். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும் லைன் இன்டர்ஆக்டிவ் வகையில் 1000 விஏ (வோல்ட் ஆம்பியர்), 600 வாட் யுபிஎஸ் போதும் என்று தெரிந்தது: 210 வெள்ளி. கணினிக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டு ரௌட்டரை மறந்துவிடுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. திரை எரியும், இணையம் இருக்காது. ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் தனியாக 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கினோம். அங்கிருந்து மூன்றாவது அறைக்குச் சுவர் ஓரமாகக் கேபிள் இழுத்தோம். எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் எடுக்கப்பட்டது. எல்லாம் சேர்த்து 1,620 வெள்ளிக்குள் முடிந்தது.

பராமரிப்பு

புதிய பெட்டியைச் சாமி மாடத்துக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காற்றுத் துளைகளைத் துடைப்பது அண்ணனின் பொறுப்பு. இயந்திரங்களோடு வாழ்ந்தவர், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிப்பின் வெப்பநிலையை ஒரு நோட்டில் தேதியோடு குறிக்கிறார். எண் மெல்ல ஏறினால் தூசி என்று பொருள்.

விண்டோஸின் பயன்பாட்டு நேரம் அதிகபட்சம் 18 மணி வரை கொடுக்கலாம். காலை 11 முதல் அதிகாலை 5 வரை வைத்தோம். குளிர்கால மூடும் நேரமும் உள்ளே வந்துவிடுகிறது. புதுப்பிப்புகளைச் சனிக்கிழமை காலையில் அவரே தொடங்கி, மறுதொடக்கம் செய்து, வர்த்தக மென்பொருள் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்கிறார். திங்கள் இரவுவரை சரிசெய்ய நேரம் இருக்கிறது.

விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டைத் தானே மறையாக்கம் செய்துவிடுகிறது. அதன் மீட்புக் குறியீட்டை அச்சடித்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்தோம். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்த பிறகு ஒரு நாள் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு நிற்கும்; அன்று அது பூட்டிய வட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? வரைபட அமைப்புகளும் வர்த்தகக் கணக்கும் வாரம் ஒருமுறை வெளி எஸ்எஸ்டிக்குப் போகின்றன. அன்றாடம் நிர்வாகி உரிமை இல்லாத கணக்கில்தான் நுழைகிறார். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "இலவச இண்டிகேட்டர்" (விலைப்போக்கைக் காட்டும் துணை நிரல்) கோப்புகள் இந்தக் கணினியில் ஏறுவதில்லை.

யுபிஎஸ் சோதனை ஒரு சனிக்கிழமை நடந்தது. பிளக்கைப் பிடுங்காமல் சுவர்ச் சுவிட்சை அணைத்துச் சோதிக்க வேண்டும். நம்மூர் பிளக்குகளில் சுவிட்ச் இருப்பதால் எர்த் இணைப்பு துண்டிக்கப்படாது. 50 நிமிடம் தாண்டியும் ஓடியது; அதற்குமேல் பேட்டரியை வற்றவிட வேண்டாமென்று நிறுத்தினோம். பேட்டரி ஈய அமில வகை, நம் வெப்பத்தில் மூன்றாண்டு தாங்கினால் அதிகம். வாங்கிய தேதியை அதன் தலையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

அதன் பிறகு

மே முதல் இரண்டு வாரம் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. 9.30 உறைதல் ஒருமுறைகூட வரவில்லை. ரௌட்டருக்கான பிங் 1 மில்லிவினாடிக்குள் நின்றது.

ஆகஸ்டில் ஒரு இரவு இஸ்திரிப்பெட்டியால் ஆர்சிசிபி மறுபடி விழுந்தது. யுபிஎஸ் கூவியது, திரைகள் எரிந்துகொண்டே இருந்தன. அண்ணன் முதலில் நிலையைப் பார்த்தார், ஸ்டாப் சர்வரில் இருப்பதை உறுதிசெய்தார், அப்புறம் எழுந்து மின்பெட்டிக்குப் போனார். "அவசரமே படலை தம்பி" என்று மறுநாள் சொன்னார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

செப்டம்பரில் நடந்தது வேறு. புரோக்கரின் பக்கத்திலேயே கோளாறு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக யாராலும் உள்ளே போக முடியவில்லை. வர்த்தக மேசை எண்ணும் கிடைக்கவில்லை. இதற்கு எந்தக் கணினியும், எந்த யுபிஎஸ்ஸும் மருந்தில்லை. அன்று நிலை சிறியதாக இருந்ததால் பாதிப்பு இல்லை. அதன்பின் ஒரு இரவுக்கு மொத்தமாக எவ்வளவு இழக்கத் தயார் என்பதைச் சந்தை திறக்கும் முன்பே எழுதிவைத்து, நிலையின் அளவை அதற்குள் வைத்துக்கொள்கிறார். அந்த அளவு முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு.

பழைய ஹார்டு டிஸ்க்கை முழுதாக அழித்தபின் கணினி மின்கழிவுத் தொட்டிக்குப் போனது. அதன் பிரவுசரில் இருந்த கடவுச்சொற்கள் எல்லாம் அதற்கு முன்பே மாற்றப்பட்டுவிட்டன. மகளின் பழைய மடிக்கணினி, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் வயதுடையது, மாற்றுக்கணினியாக அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து, புதுப்பித்து, ஒரு சிறிய ஆர்டர் போட்டு எடுக்கிறார்கள்.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே நிலையில் இன்னொரு வீடு இருந்தால் வரிசையை மாற்றுவேன். ஸ்டாப் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை முதல் நாளே, தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். கணினியைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்குமான சிறு யுபிஎஸ். 60, 70 வெள்ளிக்குள் அன்றைக்கே கிடைக்கும், பழைய கணினியோடும் பயன்படும்.

நினைவகம் 32 ஜிபி தேவைப்படவில்லை. நோட்டில் உள்ளபடி, மிக நெருக்கடியான இரவுகளிலும் 13 ஜிபியைத் தாண்டியதில்லை. 16 ஜிபி வாங்கி, காலி இடத்தில் பின்னால் சேர்த்துக்கொள்ள வசதி இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். அந்த மிச்சத்தில் தனி ஆர்சிபிஓ வேலையை அப்போதே முடித்திருக்கலாம். ஆகஸ்டில் அறை இருண்டிருக்காது. அந்த வேலைக்கு மின்பணியாளரிடம் இப்போது தேதி வாங்கியிருக்கிறார்கள்.

நவம்பர் 2இல் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. சந்தை 10.30க்குத் திறக்கத் தொடங்கியதால், தானியங்கி நகலெடுப்பு உட்பட இரவில் ஓடும் வேலைகளின் நேரத்தை அண்ணனே மாற்றிவிட்டு, நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தார்.